மரநாய் நுழைந்த வழி

வடக்குப்பட்டு
கார்த்திகை, 1991

ஏழுமலைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை. நீ நலமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை வந்த உன் படப்பை மாமாவே சொல்லிவிட்டான். நான் போட்டுக் கொடுத்த காபியை ஊதிக்கொண்டே, "ஏழுமலையாண்ட பேசிட்டேன்க்கா. பொண்ணு வாலாஜாபாத் பக்கம், நல்ல எடம். தை பொறக்கட்டும், பாக்கலாம்னு சொல்லிக்கீறான்" என்றான். பார்க்கலாம் என்றாயாமே? தாலி கட்டியவள் சேரப்பணஞ்சேரியில் அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்க, நீ தாம்பரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, மெஸ்ஸில் தின்றுகொண்டு, அடுத்த பெண்ணைப் பார்ப்பாயா? என் கூடப்பிறந்த தம்பி என்றும் பார்க்காமல் அவனை வாசலோடு அனுப்பினேன். மிச்சக் காபியைக்கூடக் குடிக்க விடவில்லை.

இன்லேண்ட் லெட்டரில்தான் ஆரம்பித்தேன். என் கோபத்துக்கு அந்த நீலத்தாள் போதவில்லை. நான் வேலை பார்க்கும் சத்துணவுக் கூடத்து நோட்டில் நடுத்தாள்களைப் பிய்த்து எழுதுகிறேன். இதைக் கவரில் போட்டாலும் ஒட்டப்போவதில்லை. பவுனு அக்காவின் மருமகன் உன் கம்பெனிதானே, அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் வழியில் படித்தாலும் சரி, உன் ரூமில் இருப்பவர்கள் சுற்றி உட்கார்ந்து படித்தாலும் சரி. அமுதாவைத் தெருவே வேடிக்கை பார்க்க வெளியே அனுப்பினோம். இதை மட்டும் மூடி மறைத்து எழுதுவானேன்?

முதலில் கோழிக்கூண்டுக் கதவைப் பற்றிப் பேசுவோம். வைகாசியில் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்த அந்தக் கொடுமைக்குப் பிறகு, பயத்தில் இந்தப் பக்கம் ஊர் ஊராகத் தாழ்ப்பாள் வாங்கியது உனக்கு நினைவிருக்கும். நீயும் இரண்டு வாங்கி வந்தாய். ஒன்று வீட்டுப் பின்கதவுக்கு, ஒன்று கூண்டுக்கு. அதுவரை கூண்டுக்கு ஒரு பலகைக்கல்தான். பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்ததும் கல்லை வாசலுக்கு நேரே நகர்த்தி, ஓர் உதை விட்டால் தீர்ந்தது வேலை. உனக்கு அது கேவலமாக இருந்தது. "இன்னும் எத்தினி நாளைக்கும்மா கல்ல உருட்டிக்கினு இருப்ப?" என்றாய். உன் கம்பெனிக்கு மிஷின் வந்து இறங்கிய பெட்டியின் பலகைகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, கீல் வைத்து, தாழ்ப்பாள் அடித்து, கதவு போட்டாய். இங்கிலீஷ் எழுத்தும் அம்புக்குறியும் போட்ட கதவு. தெருவில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் பெருமைப்பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாளே உன் பெட்டிப் பலகை உப்பிக்கொண்டது. கதவு சட்டத்தில் உட்கார மறுத்தது. தாழ்ப்பாள் போட வேண்டுமென்றால் முழங்காலால் முட்ட வேண்டும். அமுதா உன்னிடம் மூன்று முறை சொன்னாள். என் காதால் கேட்டேன். "கதவு ஊதிக்கினு கீது மாமா, அடிப்பக்கம் கொஞ்சம் இழைச்சுக் குடு." நீ சொன்ன பதிலையும் கேட்டேன். "கதவு நல்லாத்தான் கீது. உனக்குத்தான் சாத்தத் தெரியல." எட்டு மணி நேரம் மிஷினோடு மாரடிக்கிறவனுக்குப் பின்பக்கம் நாலடி நடந்து போய் ஒரு கதவைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை. போன வருசம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வீட்டுக்காரரையும் ஒரு தடவை வரச்சொல்லுங்க, அவருக்கும் டெஸ்ட் எடுக்கணும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாரே, அப்போதும் நீ இப்படித்தான். ஓ.டி. இருக்கிறது என்றாய். அவளை மட்டும் மூன்று முறை அனுப்பினோம், ஊசி போட்டார்கள், மருந்து எழுதினார்கள், அவள் தின்றாள். கதவும் நல்ல கதவு, நீயும் நல்ல ஆள். சாத்தத் தெரியாதவள் அவள் ஒருத்திதான், அப்படித்தானே?

கோபத்தை எல்லாம் உன் தலையில் கொட்டிவிட்டு நான் நல்லவளாக ஒதுங்கிக்கொள்ளப்போவதில்லை. என் பங்கு உன் பங்கைவிடப் பெரியது. நிதானமாகப் படி. உப்பிய கதவோடு மல்லுக்கட்ட என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நீ வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கொடுவாளை எடுத்துக் கதவின் அடிப்பக்கத்தை நானே செதுக்கித் தள்ளினேன். கொடுவாள் தச்சனின் இழைப்புளி ஆகுமா? கோணல்மாணலாக நாலு விரல் அகலத்துக்குப் போய்விட்டது. கதவு சுகமாகச் சாத்தியது, ஆனால் கீழே சந்து. அந்தச் சந்துக்கு ஒரு முழுச் செங்கல்லைக் கிடத்தி வைத்தேன். அமுதாவிடம், "தாழ்ப்பா போட்டதும் இத்த இங்க வெச்சுடு, அவங்கிட்ட சொல்லிக்காத, கத்துவான்" என்றேன். அன்று முதல் ஒரு நாள் தவறாமல் அவள் வைத்தாள்.

சேவல் கதை உனக்குத் தெரிந்ததுதான். உனக்குக் கல்யாணமாகி ஒரு வருசம் முடிந்ததும், அமுதா வயிற்றில் ஒன்று தங்கினால் வல்லக்கோட்டை முருகனுக்குச் சேவல் கொண்டுவந்து விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியது நான். அவளைக் கேட்கக்கூட இல்லை. அந்தச் செவலைக் குஞ்சைத் தனியாகப் பார்த்து வளர்த்தோம். சாமிக்கு விட்டது என்பது அதற்கே தெரியும்போல. அடுப்படி வரைக்கும் வந்து அதிகாரம் பண்ணும், விரட்டினால் முறைக்கும். தெருவில் அதைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னும் இங்கியே சுத்துதா?" என்று கேட்பார்கள். கேட்கும்போது பார்வை சேவல் மேல் இருக்காது, அமுதாவின் வயிற்றின் மேல் இருக்கும். பத்து மாதம் அவள் அந்தப் பார்வைக்கு நடுவில் அதற்குத் தவிடு பிசைந்து வைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கொட்டின மழை உனக்குத் தெரியாது, நீ நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாய். விளக்கு வைக்கும் முன்னாலேயே அமுதா நனைந்துகொண்டு போய்க் கோழிகளை அடைத்து, தாழ்ப்பாள் போட்டு, செங்கல்லை வைத்துவிட்டு வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு, "எல்லாம் அடஞ்சிடுச்சு அத்தே" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து அரிசி மூட்டைப் பக்கம் வந்தது. மூட்டைக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஒரு செங்கல் இருந்தது, இன்னொன்று வேண்டும். வேலியோரம் ஏழெட்டுக் கிடந்தன. மழையில் அவ்வளவு தூரம் போக எனக்குச் சோம்பல். பின்கதவைத் திறந்தால் எட்டுகிற தூரத்தில் கூண்டுக் கல். எடுத்தேன். மழை விட்டதும் வேறு கல் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டேன், படுத்தேன். மறந்தே போனேன்.

காலையில் பார்த்தது எல்லாருக்கும் தெரியும். மரநாய், ஊறின மண்ணைப் பிறாண்டிச் சந்தைப் பெரிதாக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தது. ஆறு கோழி கழுத்து அறுந்து கிடந்தன. சேவலின் இறகுதான் கிடைத்தது, சேவல் இல்லை. மூன்று பெட்டைகள் மட்டும் எப்படியோ தப்பி முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன. தெருவே கூடிவிட்டது. பவுனு அக்கா குனிந்து பார்த்து, "கதவுக்குக் கீழ வழி கீது பாருடி" என்றாள். அந்த நிமிசம்தான் எனக்குச் செங்கல் ஞாபகம் வந்தது. அடுத்து எல்லாரும், "யாரு அடச்சது?" என்று கேட்கப்போகிறார்கள். அவர்கள் கேட்குமுன் நான் வாயைத் திறந்தேன். "சாமி சேவல காப்பாத்தத் துப்பில்லாதவ, புள்ளைய பெத்து எப்படிக் காப்பாத்துவா?"

இதைச் சொன்னது உன் அம்மா. தெரியாமல் சொல்லவில்லை, ஆத்திரத்தில் வாய் தவறியும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்து, அது என் மேல் விழாமல் இருக்க, இருக்கிற கல்லிலேயே பெரிய கல்லாகப் பார்த்து அவள் மேல் போட்டேன். நினைத்தால் என் நாக்கை இழுத்துவைத்து அறுக்கலாம்போல இருக்கிறது.

நீ அந்த நேரம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாய். கண் சிவந்து, தூக்கம் இல்லாமல். கும்பலைப் பார்த்தாய், இறகைப் பார்த்தாய், கதவைப் பார்த்தாய். நீ கேட்டது ஒன்றே ஒன்று. "யார்றா என் கதவ வெட்டுனது?" கோழி போனது இருக்கட்டும், சாமி சேவல் போனது இருக்கட்டும், உன் கதவை யாரோ தொட்டுவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. அமுதா என்னைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். அதற்குள் என் வாக்கியத்தை யாரோ உன் காதில் போட்டார்கள். நீ அதையே திருப்பி அவளிடம் சொன்னாய், நான் சொன்னதைவிட இன்னும் சத்தமாக. "கெளம்பு. உங்கம்மா வூட்டுக்குப் போ. நான் சொல்றப்ப வா." ஒரு பையில் நாலு புடவையை எடுத்துக்கொண்டு, தூறலில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். உனக்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது. சாயங்காலம் எழுப்பி நான்தான் சோறு போட்டேன். அடுத்த வாரமே தாம்பரத்தில் ரூம் பார்த்துக்கொண்டு போய்விட்டாய்.

நம் வீட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது, நீ கவனித்திருக்க மாட்டாய். யாருக்கும் "தப்பு என்னுது" என்று சொல்ல வராது. அதற்குப் பதிலாக எதையாவது தின்னக் கொடுப்போம். உனக்கு ஒன்பது வயதில், ஏரிக்கரை மோட்டார் கொட்டகையில் பல்பு காணாமல் போனதற்கு உன் அப்பா உன்னைச் சைக்கிள் டியூபால் அடித்தார். தொடையில் தடித்துவிட்டது. பல்பை நீ எடுக்கவில்லை, கொட்டகைக்காரரே தன் வீட்டுக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார் என்று அன்று சாயங்காலமே உன் அப்பாவுக்குத் தெரிந்துபோனது. ஒரு வார்த்தை சொன்னாரா உன்னிடம்? ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து காராசேவுப் பொட்டலம் வாங்கி வந்து உன் பக்கம் தள்ளினார். நீ தின்றாய். ஏதோ அப்பா ஆசையாக வாங்கி வந்தார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாய். அவர் செத்து ஆறு வருசம் ஆகிறது, அவர் சொல்லாததை நான் சொல்கிறேன், அந்தப் பல்பை நீ எடுக்கவில்லை. நானும் அவருடன் இருபது வருசம் குடும்பம் நடத்தினவள்தானே? அமுதா போன பத்தாம் நாள் ஒரு பை வேர்க்கடலை சேரப்பணஞ்சேரிக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாளே பை திரும்பி வந்தது. போட்ட முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்க்கவில்லை. எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா, அவள் அம்மா மேல்! இவ்வளவு திமிரா என்று தெருவில் நின்று பேசினேன். என்னைப்போல ஒருத்தியை நீ எங்கும் பார்த்திருக்க மாட்டாய்.

கூண்டை நான் சரி பண்ணிவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன், உன் மிஷின் மூளைக்கு உறைக்கட்டும். உன் கதவைப் பிடுங்கி அடுப்புக்குப் போட்டேன், நன்றாக எரிந்தது. வாசலில் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, கருங்கல் துண்டுகளை நெருக்கிப் பதித்து, மேலே சிமெண்டு பூசினேன், இனி எந்த நகமும் பிறாண்ட முடியாது. பழைய பலகைக்கல்லையே திரும்பக் கொண்டுவந்தேன். அதற்கு முட்டுக் கொடுக்கும் கல்லைக் கம்பியால் கூண்டோடு சேர்த்துக் கட்டிவிட்டேன், யாரும் அவசரத்துக்கு எடுத்துப்போக முடியாது. அடைத்த பிறகு கையை விட்டுச் சுற்றி எங்கே சந்து இருக்கிறது என்று தடவிப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது. இவ்வளவுதான் வேலை. ஆனாலும் அந்த மூன்று பெட்டைகளும் இன்னும் உள்ளே போவதில்லை. பொழுது சாய்ந்தால் முருங்கைக் கிளைக்குத்தான் போகின்றன. சாணம் மெழுகி, புதுத் தவிடு வைத்து, கெஞ்சியும் பார்த்தேன். அவற்றைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

உன் மாமாவை அனுப்பிய மறுநாள் திங்கட்கிழமை, சத்துணவு முடிந்த கையோடு சேரப்பணஞ்சேரிக்குப் பஸ் ஏறினேன். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. அமுதாவின் அம்மா என்னை உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை, அது நியாயம்தான். நின்றுகொண்டே சொன்னேன். கதவை வெட்டினது நான், கல்லை எடுத்தது நான், தெரிந்தே உன்மேல் பழி போட்டதும் நான் என்று அமுதாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

"எனக்குத் தெரியும் அத்தே" என்றாள். "அன்னிக்குக் காலைலயே பாத்தேன், செங்கல்லு அரிசி மூட்டைக்குக் கீழ."

நான் கேட்டேன். "அப்ப ஏண்டி அன்னிக்கே சொல்லல? அத்தினி பேருக்கு முன்னால வாய மூடிக்கினு நின்னியே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்லல. சரி, அவரு இன்னா நடந்துச்சுன்னு ஒரு வார்த்த கேப்பாருன்னு பாத்தேன். இன்னிக்கு வரைக்கும் கேக்கல. ரெண்டு பேரையும் பாத்துட்டேன் அத்தே."

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். படப்பை மாமா விஷயம் அங்கேயும் எட்டியிருக்கிறது என்று அவள் அம்மா மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நான் கிளம்பும்போது அமுதா வாசல் வரை வந்தாள். "என் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டு உங்க வூட்டு டிரங்குப் பொட்டியில கீது. அத்த மட்டும் குடுத்தனுப்புங்க. ஸ்ரீபெரும்புதூராண்ட ஒரு கம்பெனியில பொம்பளப் புள்ளைங்கள எடுக்கறாங்களாம்." ஏழுமலை, இரண்டு வருசமாக அந்தப் பெண் வாயில் "நம்ம வூடு" என்றுதான் வந்தது. திங்கட்கிழமை "உங்க வூடு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை குழாயடியில் எல்லாரும் குடத்தோடு நிற்கும்போது இதையெல்லாம் சத்தமாகச் சொன்னேன். யாரும் என்னைப் பாராட்டவில்லை. பவுனு அக்கா, "முடிஞ்சு போனத இப்ப இன்னாத்துக்குக் கிளர்ற?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒருத்தி, "மருமக மருந்து வெச்சுட்டா போல" என்று சிரித்தாள். பழி சொன்ன அன்றைக்கு இருந்த கூட்டத்தில் பாதிகூட இதைக் கேட்க நிற்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன். சாமிக்குக் கடன்பட்டது நான். வல்லக்கோட்டைக்கு வேறு சேவல் கொண்டுபோய் விட்டுவிடுவேன். இந்தத் தடவை எதையும் கேட்டு வேண்டிக்கொள்ளப் போவதில்லை.

என் பங்கு முடிந்தது, இனி உன் பங்கு. முதல் வேலையாக உன் மாமாவுக்கு ஆள் அனுப்பி, பெண்ணும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று சொல். சொல்லாவிட்டால் அந்த வாலாஜாபாத் வீட்டுக்கு நானே போய், என் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று உட்கார்ந்து விவரமாகச் சொல்லிவிட்டு வருவேன். நான் செய்யமாட்டேன் என்று நினைக்காதே. அடுத்து, டாக்டரம்மா கொடுத்த சீட்டை எடு, அது நீ நினைப்பதுபோல மாடத்தில் இல்லை, உன் காக்கிச் சட்டைப் பையில் மடித்தபடியே கிடந்தது, துவைக்கும்போது எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். போய் டெஸ்ட் எடு. குறை உனக்கென்று வந்தாலும் எடு. அப்புறம் சேரப்பணஞ்சேரிக்குப் போ. அல்வாவும் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டு போய் நிற்காதே, என் பை திரும்பினதுபோல அதுவும் திரும்பும். நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டும் போகாதே. "கெளம்பு, போலாம்" என்று கையைப் பிடித்து இழுக்கவும் உனக்கு உரிமை கிடையாது. அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளைக் கேள். நடந்தது எல்லாம் இந்தக் கடிதத்தில் இருக்கிறதே, தெரிந்ததை எதற்குக் கேட்பது என்று புத்திசாலித்தனம் பண்ணாதே. அவள் வாயால் சொல்ல வேண்டும், நீ வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அவள் வரமாட்டேன் என்றால் அதையும் கேட்டுக்கொண்டு திரும்பி வா.

மார்க் ஷீட்டை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள், நாம் யாரும் இதுவரை அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. உனக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிடுவேன். உனக்கு ஓ.டி. இருக்கிறது என்பதற்காக ஒரு நாள் தள்ளிப்போட மாட்டேன்.

உன் அம்மா